கெட்டிமேளத்துக்கு ஒரு லென்ஸ்

கடை வாசலில் நின்று, புது லென்ஸைக் கேமராவில் மாட்டிக் கண்ணருகே தூக்கினார் அவர்.

நல்ல கனம். கை கொஞ்சம் அசைந்தாலும் இது தாங்கிக்கொள்ளும் என்று கடைக்காரர் அமீர் அடித்துச் சொல்லியிருந்தார்.

எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை. அதன் பெயர்ப்பலகையைக் குறிவைத்து மூன்று படம் எடுத்தார்.

படத்தில் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் இன்னொரு எழுத்து நின்றது.

சனியன், இதுவுமா?

மூன்று கல்யாணமாக இதே கதை. கெட்டிமேளம் கொட்டியதும் மேடையில் சொந்தபந்தம் மொய்த்துக்கொள்ளும். கீழே நின்று, அத்தனை தலைகளுக்கு நடுவே தாலி கட்டும் விரல்களைப் பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள மதுரையில் ஆள் கிடையாது. மூன்று முறையும் அந்தப் படம் மட்டும் கலங்கிப் போனது. இன்னொரு தடவை கட்டச் சொல்லவா முடியும்? போன வாரம் ஒரு பெண்ணின் அப்பா ஆல்பத்தை மூடிவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பழியெல்லாம் பழைய லென்ஸ் தலையில் விழுந்தது. அவர் கை நடுக்கத்தைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு இல்லை.

"அக்கா, நீங்க ஒண்ணு எடுத்துப் பாருங்க" என்றார் அமீர்.

மரகதம் தயங்கினாள். அவர் மனைவி. இருபது வருடமாக மண்டபத்தில் பெண்கள் பக்கம் இன்னொரு கேமராவோடு நிற்பவள்.

வாங்கினாள். எடுத்தாள்.

அதிலும் எழுத்துகள் இரண்டிரண்டாக நின்றன.

"அப்ப இந்தப் பீஸ்லதான் கோளாறு. வேற பிரிச்சுத் தரேண்ணே." அமீர் உள்ளே போனார்.

"நான் அப்பவே சொன்னேன்லங்க, லென்ஸுதான்னு." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் எடுத்த விதத்தை அவர் பார்த்திருந்தார். படம் எடுக்கும்போது முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் சொல்லிக்கொடுத்தது. அன்றிலிருந்து அவள் எடுத்து ஒரு படம் ஆடியதில்லை.

இன்று முழங்கை அகன்று நின்றது. பட்டனை அமுக்கும் நேரம் பார்த்து லேசாக அசைந்தது.

பாவி. எனக்காகவா?



அவள் கையிலிருந்து கேமராவை வாங்கினார். அதன் கழுத்து வாரை விரித்து அவள் தலைக்கு மேல் கொண்டுபோனார். விரல்கள் நடுங்கின. இந்த முறை அவர் மறைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை தாலி கட்டுறப்ப நீ எடு."

மரகதம் தலை குனிந்தாள்.