காப்பு வளையம்

சூப்பர்வைசர் மீது தன்ஷிகா பாலியல் புகார் கொடுத்த அன்றே, சட்டம் அவள் மணிக்கட்டில் ஒரு பச்சை வளையத்தை மாட்டிவிட்டது. யாராவது அவளை ஒரு வார்த்தை திட்டினாலும் அது சிவக்கும். திட்டியவருக்கு வேலை போய்விடும். அதனால் அந்தப் பனியன் கம்பெனியில் ஒருவரும் அவளிடம் வாயே திறப்பதில்லை.

இன்று குனிந்து துணி வெட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய ஷால் முனை இயந்திரத்தில் சிக்கிச் சுற்றத் தொடங்கியது. எதிர்மேசைக்காரர்கள் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

“எருமை, ஷாலை உருவிப் போடுடி” என்று கத்திக்கொண்டே பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்தாள் பக்கத்து மேசை சாதனா.

கழுத்தைத் தடவியபடி தன்ஷிகா நிமிர்ந்தாள். வளையம் சிவந்திருந்தது. சாதனாவை வெளியேற்ற அதற்குள் இரண்டு காவலாளிகள் வந்துவிட்டார்கள்.

“உங்களைத் திட்டியவர் மீது நடவடிக்கை எடுக்கலாமா?” என்று வளையம் கேட்டது.

சாதனாவின் முகம் வெளிறியது. “பதறிப் போய்ச் சொல்லிட்டேன்டி” என்றாள்.

தன்ஷிகா வளையத்தை வாயருகே கொண்டுபோனாள்.

“அவளை விட்டுரு. வாயை மூடிட்டு நின்னாங்க பாரு, அவங்க மேல எடு.”



“குற்றம் எதுவும் பதிவாகவில்லை” என்று சொல்லிவிட்டு வளையம் பச்சைக்குத் திரும்பியது.