எந்தப் பக்கத்து நோய்

டாக்டர் எழுந்து கணவனிடம் கையை நீட்டியதும் அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

தன் கையை முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்க வேண்டும், சொன்னவுடன் விட வேண்டும் என்றார் அந்த டாக்டரம்மாள். எதற்கு என்று சொல்லவில்லை.

அவள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பதினோரு வருட சர்வீஸ். கழிவறைக்குள் ஒளிந்தவனையும் தூங்குவதுபோல் நடிப்பவனையும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவாள். சக ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘கழுகு’. அப்பேர்ப்பட்டவளுக்கு, கூடவே குடும்பம் நடத்துகிற மனிதன் எதையோ மறைக்கிறான் என்பது தெரியாதா?

மகன் அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் இருந்தான். பிறந்து இருபத்து மூன்று நாள். ஒரு தடவைகூட வாய்விட்டு அழவில்லை. பால் உறிஞ்சத் தெம்பில்லாமல் மூக்கில் குழாய். தூக்கினால் நனைந்த துணி மாதிரி கையில் தொங்கினான்.

இந்த நோய் பெற்றவர்களில் ஒருவரிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று டாக்டர் போன வாரமே சொல்லியிருந்தார். பள்ளியில் படித்த பட்டாணிச் செடிக் கணக்கெல்லாம் இதற்குச் செல்லாதாம். மரபணுவில் ஒரு சின்னச் சொல் திரும்பத் திரும்ப எழுதியிருக்குமாம். தலைமுறைக்குத் தலைமுறை அது நீண்டுகொண்டே போகுமாம். கறுப்பாக வாந்தி எடுத்தான் என்று கிளம்பிய சேதி, நாலு வாய் மாறியதும் காக்காயாகவே வாந்தி எடுத்தான் என்று ஆவதில்லையா, அப்படி. முதல் ஆளிடம் இருப்பதே தெரியாது. அடுத்த ஆளிடம் லேசாக இருக்கும். அதற்கடுத்தது பிறக்கும்போதே சாய்ந்துவிடும். உங்கள் இருவரில் ஒருவர் அந்த நடு ஆள் என்றார்.

அது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உறுதியானதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று பைகூடக் கட்டி வைத்திருந்தாள்.

சாட்சியா இல்லை? கணவனின் அத்தைக்கு இமை பாதிக் கண்ணை மூடியிருக்கும். சித்தப்பா கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே தூங்குவார். மாமியாரோ யாரும் கேட்காமலேயே, தங்கள் வம்சத்தில் இப்படி ஒன்று கிடையாது என்று நர்ஸ் வரைக்கும் சொல்லிவிட்டார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான்.

கணவன் போன வாரத்திலிருந்து வாயே திறப்பதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

சற்று முன் டாக்டர் அவள் பக்கத்தையும் விசாரித்திருந்தார். ஒன்றுமில்லை என்றாள். துருவித் துருவிக் கேட்டபிறகு, அப்பாவுக்கு முப்பத்தெட்டு வயதில் கண்புரை எடுத்ததைச் சொன்னாள். அதன் கீழே டாக்டர் கோடு போட்டுக்கொண்டார். சித்தப்பாவின் தூக்கத்துக்குக் கோடே இல்லை. இந்த அம்மாளிடம் கணவன் முன்னாடியே போனில் பேசி வைத்துவிட்டானோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

“விடுங்க” என்று டாக்டர் கணவனுக்குத் தலையசைத்தார். கணவனின் கை சட்டென்று பிரிந்தது. அவன் பெயருக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினார்.

“இன்னொரு தடவை பாருங்க டாக்டர். இவருக்கு நல்லா நடிக்க வரும்.”

பார்த்தார். மறுபடியும் பிரிந்தது. கணவனுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் உறுத்தியது.

டாக்டர் மேசையைச் சுற்றி வந்து அவளிடம் கையை நீட்டினார். பெயருக்கு ஒரு முறை பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். நன்றாக அழுத்தியே பிடித்தாள்.

“விட்டுடுங்கம்மா.”

“விட்டுட்டேன் டாக்டர்.”

டாக்டர் தன் ஐந்து விரல்களையும் விரித்துத்தான் வைத்திருந்தார். ஆனால் அவள் பிடியிலிருந்து அவர் கை வெளியே வரவில்லை.

ஏசி குளிர்தான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

கணவன் எழுந்து வந்தான். கல்யாணமான நாளிலிருந்து பனிக்காலக் காலைகளில் வாளிப் பிடியில் இறுகிப்போனவற்றை எடுத்துவிடுவதுபோலவே, சுண்டுவிரலில் தொடங்கி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.