நின்றுபோன காய்ச்சல்

ஒரு அம்மாவின் மகளுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல், கண்ணுகளா. எந்தப் பரிசோதனையிலும் காரணம் சிக்கவில்லை. "சில பிள்ளைங்க தெர்மாமீட்டரைச் சுடுதண்ணில முக்கி ஏமாத்தும்மா" என்றார் டாக்டர். அம்மாவுக்கு மானமே போனது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை அறைந்தாள்.

"மட்டம் போடத்தானேடி இந்த நாடகம்?"

"அடிக்காதம்மா. இனிமே வராது."

வரவில்லை. மறுநாளிலிருந்து தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறவே இல்லை. பிள்ளை சாப்பிட்டாள், பாடினாள், பள்ளிக்கூடம் போனாள். தொட்டால் மட்டும் ஈரத்தரை போலச் சில்லென்றிருந்தாள்.

டாக்டரிடம் சொன்னால் அறைந்ததையும் சொல்ல வேண்டும். அந்த வெட்கத்தில் அம்மா, மறுபடி காட்டப் போனபோது, ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து பிள்ளையின் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்தி, சூடேற்றப் பார்த்தாள்.

"விடும்மா" என்றாள் மகள். "உன் கையும் சில்லுன்னு ஆயிடுச்சு பாரு."