கோல் கோட்டின் மேல் ஒரு கால்

மாலை வெயில் சாய்ந்து, கோல் கம்பத்தின் நிழல் சேற்றில் நீளமாகக் கிடக்கிறது. ஆட்டம் முடிய அரை நிமிடம். ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்றிவிட்டால் இந்த மூன்றாம் பிரிவு அணி இரண்டாம் பிரிவுக்கு ஏறிவிடும். கோல் கீப்பர் விழுந்து கிடக்க, பந்து காலி வலையை நோக்கி உருள்கிறது. ஊரே ‘பூட்டு’ என்று கூப்பிடும் முப்பத்தெட்டு வயதுத் தடுப்பாட்டக்காரர், இன்றோடு விடைபெறுகிறவர், சேற்றில் சறுக்கிக்கொண்டே போய்க் கோட்டின் மேல் காலை நீட்டிப் பந்தை வெளியே தள்ளுகிறார். ஆட்டம் முடிந்ததற்கான விசில் ஒலிக்கிறது. பதினைந்து வருடத்தில் ஒரு கோல்கூட அடிக்காத மனிதருக்காக, தகரக் கூரை அதிர, "பூட்டு! பூட்டு!" என்று அரங்கமே எழுந்து நிற்கிறது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி, "எந்திரிங்க, எல்லாரும் உங்களத்தான் கூப்பிடுறாங்க!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்துகிறாள். பூட்டு எழப் பார்க்கிறார்; முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. பந்தை அடித்த எதிரணி இளைஞனே கை கொடுத்துத் தூக்குகிறான். "இவ்வளவு நேரம் மூச்சு வாங்கிட்டு நின்னீங்களேண்ணே, அதுக்குள்ள எப்படி வந்தீங்க?" "நாளைலேர்ந்து வரமாட்டேன் தம்பி, அப்ப அடிச்சுக்க," என்கிறார் பூட்டு, சேறு அப்பிய பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி.