சேக்காளி இல்லாத புள்ளி

"அப்பா, இந்த ஒத்தப் புள்ளிக்கு மட்டும் சேக்காளியே இல்லையா, தனியா நிக்குது?"

வரைபடத் தாளைப் பார்த்து மகள் செல்லக்கனி கேட்டது, மறுநாள் ராஜபாளையம் கல்லூரியில் துறைத்தலைவர் முன் நின்றபோதும் சோலைராஜின் காதிலேயே இருந்தது. அவர் புள்ளியியல் விரிவுரையாளர். பிரசவ வலி கண்ட பெண்கள் ஆஸ்பத்திரி வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று அவர் துறையினர் ஊர் ஊராகக் கணக்கெடுத்திருந்தார்கள். எந்தெந்த ஊருக்கு இலவச ஜீப் விடலாம் என்பதை ஒரு தர்ம ஆஸ்பத்திரி அதை வைத்துத்தான் முடிவு செய்யும்.

"என்னய்யா இது, எலி வாலு மாதிரி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது?" என்றார் துறைத்தலைவர் சமுத்திரம். "நம்ம மாடலுக்குப் படம் மணியக் கவுத்து வச்ச மாதிரி இருக்கணும். அந்தக் கடைசிப் புள்ளிய அடிச்சிரும்."

"அது செண்பகத்தோப்பு இருளம்மாள் சார். அங்க கெடைச்சதே அந்த ஒரு ஆளுதான். அடிச்சா அந்தப் பக்கம் ஜீப்பே போகாது."

"எம்புட்டு நேரம்?"

"ஆயிரம் நிமிஷம் சார்."

"அம்புட்டு நேரத்துல மதுரைக்கே நடந்துரலாமேய்யா! ஏனாம்?"

"'வண்டி போயிருச்சு'ன்னு மட்டும் சொல்லியிருக்கு. தாயும் பிள்ளையும் பிழைச்சது ஆண்டாள் புண்ணியம்."

"இம்புட்டு மல்லுக்கட்டுதீரே, அந்தம்மா உமக்குச் சொந்தமா?"

"இல்ல சார். யாரையும் அடிக்க வேண்டாம், நேரத்துக்கெல்லாம் லாக் எடுத்துருவோம். பத்து நிமிஷம் நூறாகுறதும், நூறு ஆயிரமாகுறதும் அதுல ஒரே எட்டுதான். வாலு சுருங்கிரும்."

"அத்தன பேருக்கும் லாக் டேபிள் பாக்க யாரு உக்காருவா?"

"நான் பாக்கேன் சார்."

"படம் சரியா வரலேன்னா அடிச்சிருவேன், ஆமா."

ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத துறை அறையில் சோலைராஜ் தனியே உட்கார்ந்தார். ஒவ்வொரு நேரத்துக்கும் டேபிளில் லாக், அதாவது மடக்கை, பார்த்து, புதிதாகப் படம் போட்டார். வெயில் தாழ்வதற்குள் மணி வடிவம் வந்துவிட்டது. ஓரத்தில்தான் என்றாலும், இருளம்மாள் அதற்குள் இருந்தாள்.

அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார்.

போன வருடம் இருளம்மாளை ஏற்றி வந்த வண்டியை நடுவழியில் கைகாட்டி நிறுத்தியவர் அவர்தான். "எனக்கு இன்னும் நேரங் கெடக்கு, மொதல்ல இந்தப் புள்ளைய ஏத்துங்க" என்று அவள் வலியோடு இறங்கி, வண்டியில் விட்டுக்கொடுத்த இடத்தில்தான், ரத்தப்போக்கில் துவண்டிருந்த தன் மனைவி தங்கபாயைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.