ஒரு கை கொடு

செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில், வேப்பமர நிழலில் தேசம்மா கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்திருக்கிறாள். கார் மோதி அவள் வந்த ஷேர் ஆட்டோ கவிழ்ந்து இரண்டு வருடமாகிறது. அதுவரை கொக்கிலமேட்டு மீனைத் தலையில் சுமந்து அணுபுரம் தெருக்களில் விற்றவள். இழப்பீட்டு வழக்கில் இன்று அவளுடைய சாட்சியம். "இன்சூரன்ஸ் வக்கீல் பாத்துகினே இருப்பாரு. எதையும் தூக்கிடாத, கேஸே போய்டும்" என்று சொல்லிவிட்டு அவளுடைய வக்கீல் உள்ளே போயிருக்கிறார். கொய்யா விற்கிறவள் ஒருத்தி கூடையோடு வந்து எதிரே நிற்கிறாள். "அக்கா, ஒரு கை குடு." சுமை தூக்கிவிடக் கேட்டால் சுமக்கிறவர்கள் யாரும் மறுப்பதில்லை. தேசம்மாவின் கைகள் எழுகின்றன, மடிக்குத் திரும்புகின்றன. "முடியாதும்மா, கழுத்து." "நல்லாத்தான குந்திகினுகீற, மகாராணியாட்டம்." தூணருகே நிற்கும் இன்சூரன்ஸ் வக்கீல் சிரித்துக்கொண்டே வருகிறார், கையிலிருந்த கேஸ் கட்டுகளைக் கீழே வைத்துவிட்டுக் கூடையைப் பிடிக்கிறார். "யம்மா, இன்னா கனம்." "பழம்தான் சார், உன் கேஸ் கட்டா?" கூடை சும்மாட்டில் உட்கார்கிறது. கொய்யாக்காரியின் கழுத்து ஒருமுறை மெல்ல அசைந்து, எடையை வாங்கி, நேராகிறது. பட்டைக்குள் தேசம்மாவின் கழுத்தும் நிமிரப் பார்க்கிறது. வலி தோளில் இறங்குகிறது. கொய்யாக்காரி இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு அவளைக் கடந்து போகிறாள். தேசம்மா உடம்பையே திருப்பி உட்கார்ந்து, அந்தக் கூடை வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே அவள் பெயரை இரண்டாம் முறை கூப்பிடுகிறார்கள்.