டிஸ்கோ சித்திரை

“கோகுலண்ணே, இங்க வந்து பாருங்க! தாளம் போடுறாரு! டாக்டருக்குத்தான் இது கண்ணுல படல.”

ஜெயினம்பு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கணவரின் வலக்கையைக் காட்டினாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்துல் லத்தீப்பின் உடம்பில் அசைவது அந்தக் கை ஒன்றுதான். பேச்சு போய்விட்டது. மூக்கில் உணவுக் குழாய். மூச்சு ஒவ்வொன்றும் இழுத்து இழுத்து வந்தது.

தலையணைப் பக்கத்தில் கிடந்த செல்போனில் ‘டிஸ்கோ சித்திரை’ துள்ளிக்கொண்டிருந்தது.

லத்தீப் மெட்டமைத்துத் தன் குழுவை வைத்துப் பதிவு செய்த பாட்டு. எண்பத்தொன்றில் இசைத்தட்டாக வந்து, வானொலி நேயர்களின் வாக்குகளில் மாதக்கணக்கில் முதலிடத்தை விட்டு இறங்காமல் இருந்தது. அந்த வருஷம் மதுரையில் அந்தப் பாட்டு ஒலிக்காத கல்யாண வீடு கிடையாது. பசுமலையிலிருந்து நண்பரைப் பார்க்க வந்திருந்த கோகுல்நாத்தான் அதற்கு கிடார் வாசித்தவர்.

லத்தீப்பின் கை மெத்தையிலிருந்து கொஞ்சம் எழும்பியது. உள்ளங்கை கீழே பார்த்தபடி மெல்ல, மிக மெல்ல இறங்கியது. மறுபடி எழும்பியது.

கோகுல்நாத்தின் முகம் வெளுத்தது.

“தாளந்தானேண்ணே? நீங்களே சொல்லுங்க.” அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள் ஜெயினம்பு.

“ம்... ஆமா தங்கச்சி.”

“கேட்டியா ஹுமா? மாமாவே சொல்லிட்டாரு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். தொண்டையில ஓட்டை போட்டு மிஷின் வைக்கட்டும். எம்புட்டு நாளானாலும் நான் பாத்துக்கிறேன்.”

பாட்டு முடியப்போகும் நேரம். ஜெயினம்பு சட்டென்று விரலை வைத்து அதை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

மகள் ஹுமா கண்ணைக் காட்ட, கோகுல்நாத் அவள் பின்னால் மாடிப்படிக்குப் போனார்.

“டாக்டர் என்னம்மா சொன்னாரு?”

“‘ஓட்டை போட்டாலும் எந்திரிக்க மாட்டாரு, இனிமே அவரைப் போட்டு வதைக்காதீங்க, வீட்டுலயே நிம்மதியா இருக்கட்டும்’னாரு மாமா. அம்மா கேட்டாத்தானே? தாளம் போடுறாரு, தாளம் போடுறாருன்னு ஒரே பிடிவாதம். பொய் சொல்லக் கூடாது, அந்தக் கையைப் பாத்தா எனக்கும் ஆசையாத்தான் இருக்கு.”

“அது தாளம் இல்லம்மா.”

“பெறகு ஏன் உள்ள ஆமான்னீங்க?”

கோகுல்நாத் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

“பாட்டு எம்புட்டு வேகமா ஓடுது, கை எம்புட்டு மெதுவா இறங்குது, பாத்தேல்ல? தப்புத் தாளம் போட்டா குச்சியைப் புடுங்கி எறியிற மனுசன் உங்கத்தா. அவரு போடுற தாளமா அது? டிஸ்கோ பாட்டெல்லாம் டக்குன்னு நிக்காதும்மா. கடைசி வரி திரும்பத் திரும்ப வந்து, தூரமாப் போயி, அப்படியே கரைஞ்சு போகும். நாங்க பதிவு பண்ணுன ஸ்டுடியோவுல அப்படிக் குறைக்கிற வசதி கிடையாது. நாங்களேதான் வாசிச்சுக்கிட்டே குறைக்கணும். பதிவு ஓடுதுன்னு செவப்பு விளக்கு எரியிறப்ப வாயைத் தொறந்து சொல்ல முடியாதுல்ல, அதனால உங்கத்தா நடுவுல நின்னு கையை இப்படி இறக்குவாரு.”

தன் கையை இறக்கிக் காட்டினார்.

“கை இறங்க இறங்க டிரம்ஸ் குறையும், கிடார் குறையும். பாடுற பொண்ணு பாடிக்கிட்டே மைக்கை விட்டு ஒவ்வொரு அடியா பின்னால போகும். யாரும் அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. டிரம்ஸ் அழகுராஜா எப்பவும் பிந்திருவான். அவனால எத்தனை தடவை திரும்ப எடுத்தோம் தெரியுமா! அந்தக் கை எனக்குச் சாகுற வரைக்கும் மறக்காது.”

“அப்ப அத்தா...”

“போதும், முடிச்சுக்குவோம்ங்கிறாரும்மா.”

ஹுமா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவே தலையை ஆட்டினாள்.

“பாவம் மாமா எங்கம்மா. அந்தப் பாட்டையே அவங்களுக்குப் பிடிக்காது. ரேடியோவுல வந்தாலே அடுப்படிக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிருவாங்க. ரெக்கார்டு அட்டையில ‘பாடியவர் ரோகிணி’ன்னு இருக்கும்ல? ‘உன் சக்களத்தி பாடுறா, வாம்மா’ன்னு நானும் அண்ணனும் கிண்டல் பண்ணுவோம். அத்தா விழுந்து விழுந்து சிரிப்பாரு. அவங்க மொறைப்பாங்க. இப்ப அவருக்காக ராவும் பகலும் அதையே போட்டுக்கிட்டுக் கெடக்காங்க.”

உள்ளே பாட்டு முடிவை நெருங்கி, அறுந்து, மறுபடியும் தொடங்கியது.

“என்னால சொல்ல முடியாது. நீங்களே அம்மாட்ட சொல்லிருங்க மாமா. பாட்டு, ஸ்டுடியோன்னு அவங்க என்னத்தக் கண்டாங்க? அந்தக் கைக்கு அர்த்தம் தெரியாமத்தானே இப்படி நம்பிக்கிட்டு இருக்காங்க?”

கோகுல்நாத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவங்க வாப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னுதாம்மா அட்டையில பேரை மாத்திப் போட்டோம். அன்னைக்கு அந்தக் கையைப் பாத்துக்கிட்டே மைக்கை விட்டுப் பின்னால போன ரோகிணி, உங்கம்மாதான்.”